இருபதுக்கு இருபது

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. தாளை முன்னாடியே பாத்துட்டீங்கதானே?"

சித்ரா இப்படிக் கேட்டதும் மோசஸ் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

"நான் எதுக்கு மகளே பாக்கணும்? பாஸ் பண்ணா எனக்கு இந்த வயசுல கவர்மென்ட் வேலையா தரப்போறே?"

பேச்சு ஹிந்தியில்தான் நடந்தது. அந்தமானின் மாயாபந்தரில் வங்காளி, தெலுங்கர், தமிழர், கரேன் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான். மோசஸ் கரேன்காரர், பாட்டன் காலத்தில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வனத்துறைப் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபது, இடது காது மந்தம். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இரண்டு நாளாகச் சித்ராவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்.

கரேன் மொழியில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹிந்தி எழுத்து மட்டும்தான் தெரியும் என்பதால், அந்த எழுத்திலேயே அவர்களுக்கு ஒரு கரேன் பாடப்புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஏற்ற இறக்கத்துக்கு எழுத்தின் தலையில் குறி போடுவதா, வேண்டாமா? அதைச் சோதித்துப் பார்க்கத்தான் சித்ரா வந்திருந்தாள். ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். இன்னொருவர் கேட்டுவிட்டு, எதிரே பரப்பிய படங்களில் சரியானதை எடுக்க வேண்டும்.

குறி போட்ட தாளுக்கு எல்லோரும் இருபதுக்குப் பதினெட்டு எடுத்தார்கள். குறி இல்லாத தாளை வாசித்தவர்கள் தடுமாறி ஒரே குரலில் ஒப்பித்தார்கள். கேட்டவர்களில் ஒருவரும் எட்டைத் தாண்டவில்லை. மோசஸ் மட்டும் அதிலும் இருபதுக்கு இருபது.

ஊர்க் கமிட்டிக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தீங்களா? குறியெல்லாம் வேண்டாத தலைவலி. பழகினா தானா வந்துரும்" என்றார்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் முடிவு. குறியில்லாத தாளை வாசிக்க முடியாமல் முந்தாநாள் ஒரு சிறுமி தேம்பி அழுதது சித்ராவின் கண்ணிலேயே நின்றது. புத்தகமே அப்படி வந்தால் பிள்ளைகள் என்ன செய்யும்?

அதனால்தான் மோசஸின் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே ரூத். போர்ட் பிளேரில் வளர்ந்த கரேன் பெண், சோதனைக்கு உதவ இன்று காலைதான் வந்திருந்தாள். உள்ளே சமையலறையில் மோசஸின் மனைவி ரோசலின் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிற படங்களுக்கே புதுசா பத்து வாக்கியம் எழுதியிருக்கேன் தீதி" என்றாள் ரூத், சித்ராவை ஹிந்தியில் அக்கா என்று அழைத்து. "காலையில பஸ்ஸுல வரும்போது எழுதினது. யாரும் பாத்திருக்க முடியாது."

"குறி போடலையே? குடு, நானே வாசிக்கிறேன்."

சித்ராவுக்குக் கரேன் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ரேஷன் கடைப் பட்டியலைப்போல ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போனாள். ரூத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுதின எனக்கே பாதி புரியல தீதி. அங்கிளுக்கு எங்க புரியப்போகுது?"

மோசஸ் சிரிக்கவில்லை. வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார். நண்டு, ஓட்டைப் படகு, மழையில் நனையும் ஆடு என்று நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பத்தும் சரி.

சித்ரா வாசலுக்கு ஓடினாள். பப்பாளி மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் வரும். சென்னையில் இருந்த தன் பேராசிரியர் ராஜமாணிக்கத்திடம் தமிழில் கொட்டித் தீர்த்தாள்.

"நான் வாசிச்சாக்கூட எல்லாம் சரியாச் சொல்றாரு சார்!"

"ஆப்பிரிக்காவுல நாலு மொழிக்கு இந்தச் சோதனை பண்ணியிருக்கேம்மா. இப்படி ஒரு காதைப் பாத்ததே இல்ல. ஆனா வந்ததை மறைக்கக் கூடாது. காரணம் தெரியலன்னா அவர் மார்க்கையும் சேர்த்துத்தான் குடுக்கணும்."

"காரணம் தெரிஞ்சா?"

"அவரை எடுத்துடலாம். உன் குறி ஜெயிச்சிடும்."

திரும்பி வந்தவளின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து மோசஸுக்குத் தாங்கவில்லை.

"என்னாலதானே மகளே? அந்த இருபதையும் இன்னொரு தடவை வாசி. வேணும்னா ஒரு பன்னிரண்டு தப்பு பண்ணிடறேன்."

"வேண்டாம் அங்கிள், அது திருட்டுத்தனம்." அழுகைக்கு நடுவிலும் சித்ராவுக்குச் சிரிப்பு வந்தது.

மோசஸ் உள்ளே பார்த்து டீ கேட்டார். சமையலறையிலிருந்து கரேனில் நீளமாக ஒரு பதில் வந்தது. ரூத் திருதிருவென்று விழித்தாள்.

"தீதி, ஆன்ட்டி என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க வாசிச்ச மாதிரியே இருக்கு!"

மோசஸோ அதற்குள் எழுந்து, அலமாரி மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவையும், கொடியில் காய்ந்த வடிகட்டித் துணியையும் எடுத்து உள்ளே நீட்டியாயிற்று.

ரோசலின் டீயோடு வெளியே வந்தார். சித்ராவின் கையில் டம்ளரைத் திணித்துவிட்டு, தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழில் ஒரு பிடி பிடித்தார்.

"போன்ல பேசுனத கேட்டேன். நீயும் தமிழ்ப் புள்ளதானா? அந்த மனுசனப் போட்டு ஏம்மா இந்தப் பாடு படுத்துற? மணப்பாட்டுல இருந்து இவரக் கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. நான் பேசுற கரேனக் கேட்டு ஊரே சிரிக்கும். இவரு ஒருத்தரு மட்டுந்தான் ஒரு நாளும் சிரிச்சதில்ல, ஒரு வார்த்தையும் தப்பா எடுத்துக்கிட்டதில்ல."

சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே மார்க் பட்டியலில் மோசஸின் பெயரை அடித்தாள். 'நீக்கியதற்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'மனைவி' என்று எழுதினாள்.