சத்தம் போடாத பெட்டி

இங்கிலாந்தின் காவன்ட்ரி நகருக்கு வெளியே, மேட்டுச் சாலையின் உச்சியில் கார் நிற்கிறது. தூறல் எஞ்சினின் சூடான மூடியில் விழுந்து ஆவியாகிறது. மேடு ஏறும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சிட்டன. அது நியாயமான சத்தம். கியர் பெட்டிதான் வாயே திறக்கவில்லை. புதுப் பல்சக்கரங்கள் ஊளையிடாமல் இந்த மேட்டில் ஏறியதாக ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சோதனை பார்க்கும் எஞ்சினியர் டிரான்டர் ஈரத் தரையில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைகிறார். பெட்டியைச் செய்த பிக்கரல் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். இன்று இது தேறாவிட்டால் அவர் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"என்னய்யா, பூனைக்குட்டி மாதிரி ஏறுச்சேன்னு பொறாமையா?"

"பூனைகூட உறுமும்யா," என்கிறது வண்டிக்கடியிலிருந்து குரல்.

கியர் பெட்டியின் அடித் திருகு கழல்கிறது. கறுத்த எண்ணெய் டிரான்டரின் உள்ளங்கையில் கொழகொழவென்று விழுகிறது. கட்டைவிரலால் தேய்க்கிறார். ஊறிய தவிடு போல ஏதோ மெத்தென்று நசுங்குகிறது. முகர்ந்து பார்க்கிறார். தச்சுப் பட்டறை வாடை. மரத்தூள். பற்களின் அலறலை ஒரு நாளைக்கு அமுக்கி வைக்க அது போதும்.

வெளியே வந்து கந்தலில் கையைத் துடைக்கிறார். இருக்கைக்கு அடியிலிருந்து புது எண்ணெய் டின்னை எடுத்து நீட்டுகிறார்.

"பழசைச் சுத்தமா கழுவிட்டு இதை ஊத்துங்க. இன்னொரு தடவை ஏறிப் பாத்துருவோம்."

தொப்பி சுழல்வது நிற்கிறது. டின்னின் மேல் தூறல் விழும் சத்தம் கேட்கிறது. பிக்கரலின் கை நீளவில்லை.