பூட்ஸ் லேஸ்

செத்தவன் படத்தைப் பார்த்துக்கொண்டே டீயில் பன்னைத் தோய்த்துத் தின்கிறார்கள் இந்தக் காலத்து ஜனங்கள். ஆஸ்டின் டவுன் டீக்கடையில் ஆட்டோக்காரன் சம்பங்கி போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். "பாரு பெருசு, உங்க மிலிட்டரி ஆபீசராம். வேலைய விட்டுட்டு மலையில தீவிரவாதிங்களுக்குக் கமாண்டர் ஆயிட்டானாம். நேத்து சுட்டுட்டாங்க." படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பெயர் பட்டாளத்தில் எங்கள் கேப்டனாக இருந்தவருடையதுதான். முகத்தைப் போர்வை மூடியிருக்கிறது. பூட்ஸ் மட்டும் வெயிலில் மின்னுகிறது. பாறை சரிந்து என் கால் நசுங்கிய அன்று, அந்த மனுஷன்தான் என் பூட்ஸ் லேஸை ஒரே இழுப்பில் கத்தியால் அறுத்துக் கழற்றி, நாலு மைல் முதுகில் சுமந்தார். அப்படிச் சட்டென்று அறுக்க வசதியாக இருக்கும் என்றுதான் லேஸைக் குறுக்கே பின்னாமல் ஏணிப்படி மாதிரி நேர்நேராகக் கட்ட எங்களைப் பழக்கியிருந்தார். அவரும் வேறு மாதிரி கட்டி நான் பார்த்ததில்லை. அப்புறம் அவர் செய்ததெல்லாம் தப்பாகவே இருக்கட்டும். அவர் காப்பாற்றிய காலில்தான் இன்னும் நிற்கிறேன். படத்தைப் பெரிசாக்கச் சொல்கிறேன். லேஸ் குறுக்கே பின்னியிருக்கிறது. "இது அவரில்ல." "டிவியிலயே சொல்லிட்டான் பெருசு!" "டிவிக்காரனா என்னத் தூக்கினு வந்தான்?" பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, நேர்நேராகக் கட்டிய என் லேஸைப் பார்த்தபடி நொண்டி நொண்டி நடக்கிறேன்.