சிலுப்பாத செவலை

கோயில் வாசலில் இரண்டு கிடாக்களைக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலையோடு நின்ற சுட்டியன், பிரசங்கி மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது: "தம்பி செவலை, இதைவிட உத்தமமான உலகம் வேற கிடையாதுடா. மாலை போடுறாங்க, மேளம் அடிக்கிறாங்க!"

செவலை பலிபீடத்தில் சாய்த்து வைத்திருந்த அரிவாளைப் பார்த்தது. "அண்ணே, அந்த அரிவாள் எதுக்கு?"

"நமக்குத் தழை வெட்டத்தான். வேற எதுக்கு?"

பூசாரி சுட்டியன் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். "பாத்தியா, குளிப்பாட்டிக்கூட விடுறாங்க!" என்று சுட்டியன் சந்தோஷமாக உடம்பைச் சிலுப்பியது.

"சிலுப்பிருச்சு! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று கூட்டம் குலவை போட்டது. அரிவாள் இறங்கியது.

அடுத்த குடம் செவலை மேல் கவிழ்ந்தது. காதுக்குள் தண்ணீர் குறுகுறுத்தது. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. செவலை கல்லாட்டம் நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். தோல் தானாகவே துடிக்கப் பார்த்தது; செவலை பல்லைக் கடித்துக்கொண்டது.

"சிலுப்புடா ராசா, என் தங்கமில்ல!" என்று கூட்டம் கொஞ்சியது. ஊகூம்.

"ஆத்தா உத்தரவு தரல. அவுத்து விடுங்கப்பா," என்றார் பூசாரி அலுப்பாக.

செவலை நிதானமாக நடந்து, கருவேல மரங்களுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு ஆசை தீரச் சிலுப்பியது. அப்புறம் முள்ளை ஒதுக்கி ஓர் இலையைக் கடித்தது. துவர்த்தது. அடுத்த இலைக்குக் கழுத்தை நீட்டியது.