ஒற்றைக் கையால் ஊற்றியவன்

தென்கொரியாவின் பூசான் நகரில் கம்பெனி விருந்து. மேலாளர் நீட்டிய கோப்பையில் யூசோக் ஒற்றைக் கையால் சோஜு மதுவை ஊற்றினான்.

“பெரியவங்களுக்கு ரெண்டு கையால ஊத்தணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?” என்று சீறினார் மேலாளர்.

“வலது மணிக்கட்டு நிமிராது சார். மேல்கை எலும்பு முறிஞ்சப்ப நரம்பும் நசுங்கிடுச்சு.”

“குடிச்சிட்டு எங்கடா விழுந்த?”

“விழலை சார். கை மடக்குற பந்தயம்.”

மேலாளர் குலுங்கிச் சிரித்தார். “சபாஷ்! உன்னைச் சாய்ச்ச அந்த மகராசன் யாருடா?”

சுற்றியிருந்த எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

“நீங்கதான் சார், புத்தாண்டு விருந்துல. போதையில உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மரியாதைக்காக விட்டுக்கொடுத்தேன், அப்பதான் ஒடிஞ்சது.”

சிரிப்பு நின்றது.

“விட்டுக்கொடுத்தியா?”

மேலாளர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை மேஜையில் ஊன்றினார்.

“இடது கைய வைடா!”