சாரைக்கும் ஒரு படுக்கை

ஓடைக்கரையில் ஒரு கீரி ஆஸ்பத்திரி நடத்தி வந்தது. வைத்தியம் அதன் கைப்பக்குவம். படுக்கைகளுக்கான வைக்கோல் முழுவதும் செங்காளை தந்த தர்மம்.

மழைக்காலத்தில் ஒருநாள், வண்டிச்சக்கரம் ஏறி முதுகு நைந்த சாரைப்பாம்பு ஒன்று ஊர்ந்து வந்தது. கீரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் பச்சிலை அரைத்துக் கட்டி, படுக்க இடமும் கொடுத்தது.

சேதி கேட்டுக் காளை பாய்ந்து வந்தது. "என் வைக்கோலில் பாம்பா? உனக்கே ஜென்மப் பகையாச்சே! வெளியே தள்ளு. இல்லேன்னா இனி ஒரு பிடி கிடையாது."

உள்ளே காய்ச்சலில் முயல் முனகியது. சிறகொடிந்த கொக்கு பயந்து பார்த்தது. கீரி அவற்றைத் திரும்பிப் பார்த்தது. இருந்தும் வாசலை மறித்து நின்றது.

"கொடுத்தது நீங்கதான், அண்ணே. இல்லேன்னு சொல்லலே. ஆனா வலியோட வந்தவனை வெளியே தள்ளமாட்டேன். வைக்கோலை எடுத்துக்கிட்டுப் போங்க!"

காளை ஒரு துரும்பு விடாமல் வாரிக்கொண்டு போனது. நோயாளிகள் ஈரத்தரையில் நடுங்கிக் கிடந்தன.

விஷயம் ஓடைக்கரை முழுக்கப் பரவியது. தூக்கணாங்குருவி தன் கூட்டிலிருந்தே நார் உருவி வந்தது. அணில் இலவம்பஞ்சு கொணர்ந்தது. வெள்ளாடு தன் தீனியிலிருந்து காய்ந்த தழையை இழுத்து வந்தது. பொழுது சாய்வதற்குள் தரை மூடிவிட்டது.

குணமான சாரை, புறப்படும் முன் தன் சட்டையை உரித்து வைத்தது. "என்கிட்ட இருக்கிறது இதுதான்."

கீரி அதைக் காலிப் படுக்கையில் விரித்தது. பிறகு அக்கரையில் நின்ற காளைக்கும் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டது: "அடுத்தது யாரு? உள்ளே வாங்க!"