காது மட்டும் பாக்கி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும். காட்டோரம் பறவைகளைப் பார்த்து வரையப் போன கோமதிநாயகத்தின் எதிரே, கல்லெறி தூரத்தில், ஒரு கரடி வந்து உட்கார்ந்தது. பென்சில் ஓடும்வரை அது அசையவில்லை, நிறுத்தினால் உறுமியது. அதனால் ரோமம் ரோமமாக வரைந்துகொண்டே இருந்தார். முனை ஒடிந்த பிறகும் வெறும் கட்டையால் தாளைத் தேய்த்தார்.

“ஏன் இப்பிடி வேர்க்கு ஒங்களுக்கு?” என்றாள், பக்கத்தில் புளியோதரை தின்றுகொண்டிருந்த மனைவி வடிவு.

“கையை எடுத்தா வந்துரும் வடிவு.”

“எது?”

“மெல்லப் பேசு. நீ மொதல்ல ஓடிரு. எனக்குக் காது மட்டும் பாக்கி.”

அவள் எழுந்து, நேரே கரடியிடம் நடந்து, அதன் தலைமேல் சாவகாசமாக உட்கார்ந்து கை கழுவினாள். கோமதிநாயகம் அவளையும் சேர்த்து வரைந்தார்.

அவருடைய மூக்குக்கண்ணாடி அன்று வீட்டில், தலையணைக்கு அடியில் இருந்தது.