ஒலிபெருக்கியில் ஜெபம்

கரும்பு வெட்டு தொடங்கிய நாள் முதல் என் நண்பன் அபெனிசா படுக்கையில் கிடந்தான். வயலில் அவன் மனைவி மெரே என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்:

"கரும்பையே கட்டிக்கிட்டானான்னு கேக்குறாரு அண்ணே. ஒரு நடை வாங்களேன்."

"வெட்டு முடியட்டும்மா."

ஞாயிறுதோறும், ஊருக்கே கேட்கும் ஆலய ஒலிபெருக்கியில் அவன் பேர் சொல்லி உருகி ஜெபித்தேன். போதகரே தட்டிக்கொடுத்தார்.

வெட்டு நேற்று முடிந்தது. இன்றும் அப்படியே ஜெபித்துவிட்டு, ஆராதனை முடிந்த கையோடு, இருவரும் இடித்துக் கரைத்துக் குடிக்கக் காவா வேருடன் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மெரே அழுதுகொண்டிருந்தாள்.

"போயிட்டாரு அண்ணே."

"எப்போம்மா?"

"இப்பத்தான். உங்க குரல் கேட்டதும், 'வந்துட்டான்டி, கதவைத் திற'ன்னாரு. திறந்து வச்சேன். நீங்க ஆமென் சொல்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு."